பரணிலிருந்து இறங்கிய ரெக்கார்டுகள்: பழைய பெட்டியா, புது டர்ன்டேபிளா, பென்டிரைவா?

போன தீபாவளிக்கு முன்னால் வெள்ளையடிக்க வந்தவர்கள்தான் இதை ஆரம்பித்துவைத்தார்கள். பெங்களூர் அல்சூரில் மாமனார் வீட்டுப் பரணைக் காலிசெய்தபோது, கொலுப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. உள்ளே 61 ரெக்கார்டுகள். பக்கத்திலேயே கைப்பிடி வைத்த எச்.எம்.வி. ரெக்கார்டு ப்ளேயர் ஒன்று. மாமா எச்.ஏ.எல்.-இல் வேலை பார்த்த காலத்தில் போனஸ் வரும்போதெல்லாம் ஒன்றிரண்டு வாங்கிச் சேர்த்தவை. “தூக்கிப் போட்டுடலாம் மாப்பிள்ளை, இப்ப எல்லாம்தான் போன்லயே வருதே” என்றார். குரலில் அவ்வளவு உறுதி இல்லை.

போடுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுப் பார்ப்போமே என்று, நல்ல டர்ன்டேபிள் வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்கு நாலைந்தை எடுத்துக்கொண்டு போனோம். எம்.எஸ். பாடி 1963இல் எச்.எம்.வி. வெளியிட்ட சுப்ரபாதத்தைத்தான் முதலில் போட்டார். எங்கள் வீட்டில் அது காலை அலாரம் மாதிரி; காதில் விழுமே தவிர யாரும் கேட்பதில்லை. அன்று எம்.எஸ்.ஸின் குரலும் கூடப் பாடும் ராதா விஸ்வநாதனின் குரலும் தனித்தனியாகக் கேட்டன. ஒருவர் மூச்செடுக்கும் இடம்கூடத் தெரிந்தது. அத்தை சோபாவின் நுனியில் வந்து உட்கார்ந்து, “ரெண்டு பேரா பாடறாங்க?” என்றார். இத்தனை வருஷமாகக் கேட்டவர்.

அதற்கப்புறம் இதே கேள்வியோடு ஐந்தாறு பேர் என்னிடம் வந்துவிட்டார்கள். பெங்களூரில் தனி வீடுகளை இடித்து அப்பார்ட்மென்ட் கட்டுகிற வேகத்தில், பரண்கள் எல்லாம் ஒரே சமயத்தில் காலியாகின்றன போலிருக்கிறது. கேள்வி இதுதான்: ரெக்கார்டு இருக்கிறது, இப்போது எதில் போட்டுக் கேட்பது? பழைய ப்ளேயரைச் சரிசெய்வதா, கடையில் கண்ணைப் பறிக்கும் சூட்கேஸ் ப்ளேயர் வாங்குவதா, தனியாக ஸ்பீக்கர் மாட்டிக் கேட்கும் ஒழுங்கான டர்ன்டேபிளா, இல்லை எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு விடுவதா?

## முதலில் குவியலைப் பிரியுங்கள்

எதை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன், கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மாமாவின் 61இல் 38 எல்.பி., 14 ஈ.பி., 9 பழைய 78. இந்த எண்ணிக்கையிலேயே பாதி விடை இருக்கிறது.

எல்.பி. என்பது 12 அங்குலம், நிமிஷத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கம் சுமார் 20 நிமிஷம். ஈ.பி. 7 அங்குலம், பெரும்பாலும் 45 சுற்று. சினிமாப் பாட்டு என்றால் பக்கத்துக்கு இரண்டு. இரண்டுமே வினைல், லேசாக வளையும். நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் 78 வேறு ஜாதி. அரக்கில் செய்தது. கனமாக இருக்கும், கீழே விழுந்தால் பீங்கான் தட்டு மாதிரி உடையும். பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துச் சொச்சம்தான் பாடும். கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள், பாகவதர் என்று பெயர் இருந்தால் பெரும்பாலும் 78தான். 1933இலேயே மறைந்துவிட்ட கிட்டப்பாவின் குரல் உங்கள் பரணில் கிடக்கலாம் என்பதால் அவசரப்பட வேண்டாம்.

கழுவும்போது ஒரு எச்சரிக்கை. வினைலைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, மென்மையான துணியால் பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் துடைத்து, அப்புறம் வெறும் தண்ணீரால் ஒரு முறை துடைத்தால் போதும். நடுவில் இருக்கும் லேபிள் நனையக்கூடாது. 78ஐ ஆல்கஹால் கலந்த எந்தத் திரவத்தாலும் தொடாதீர்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையும். யூடியூபில் பார்த்து ஐசோப்ரொப்பைல் ஊற்றிய ஒருவரின் ரெக்கார்டைப் பார்த்தேன். பள்ளமே மழுங்கி, மெழுகு பூசிய மாதிரி ஆகியிருந்தது.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயங்கள் பார்த்தேன். ஐந்துக்கும் சம எடை இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஊசி. ரெக்கார்டில் இருப்பதை எடுப்பதும் ஊசிதான், ரெக்கார்டைக் கெடுப்பதும் ஊசிதான். அது எத்தனை கிராம் எடையோடு அழுத்துகிறது, தேய்ந்திருக்கிறதா, மாற்று ஊசி கிடைக்குமா? இரண்டாவது, 78 ஓடுமா. ஓடினால் மட்டும் போதாது. 78இன் பள்ளம் அகலமானது. எல்.பி. ஊசியின் நுனி ஆரம் சுமார் 0.018 மி.மீ., 78க்கு வேண்டியது சுமார் 0.075 மி.மீ. எல்.பி. ஊசியை 78இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியில் உரசிக்கொண்டு போகும். சொரசொரப்புதான் அதிகம் கேட்கும்.

மூன்றாவது சுருதி. நம் காதுக்கு இது முக்கியம். வேகம் 6 சதவீதம் குறைந்தால் பாட்டு ஏறக்குறைய அரைக்கட்டை இறங்கிவிடும். கூடப் பாடிப் பழகியவர்களுக்கு உடனே தெரியும். சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். லேபிளில் சின்னக் காகிதத் துண்டு ஒன்றை வைத்துச் சுற்றுகளை எண்ணுங்கள்: 33⅓ என்றால் மூன்று நிமிஷத்தில் சரியாக 100 சுற்று.

நான்காவது மொத்தச் செலவு. கடைக்காரர் சொல்லும் விலை அதில் ஒரு பகுதிதான். ஐந்தாவது, வீட்டில் யார் போடப்போகிறார்கள் என்பது. 78 வயதில் கை நடுங்குகிறவர் ஊசியை இறக்க வேண்டுமா, எழுந்துபோய் எடுக்க வேண்டுமா? இதை யோசிக்காமல் வாங்கிய சாமான் திரும்பப் பரணுக்குத்தான் போகும்.

## பழைய ப்ளேயரைச் சரிசெய்வது

எங்கள் எச்.எம்.வி. பெட்டியைப் பிளக்கில் சொருகியதும் தட்டு சுற்றியது. ஆனால் கீழே மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு கரகரப்பு. எஸ்.பி. ரோட்டுச் சந்தில் ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாம் பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். தட்டைத் தூக்கி வைத்துவிட்டு, உள்ளே இருந்த சின்ன ரப்பர் சக்கரத்தை நகத்தால் அழுத்திக் காட்டினார். நகம் பதியவில்லை. “மோட்டார் கல்லு மாதிரி இருக்கு தம்பி. இந்த ரப்பர்தான் கல்லாகக் கூடாது, இதுவும் கல்லாயிடுச்சு.” மோட்டார் தண்டுக்கும் தட்டின் உள்விளிம்புக்கும் நடுவில் நின்று சுழற்றுவது இந்தச் சக்கரம். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்து ஒரு பக்கம் தட்டையாகிவிட்டால் சுற்றுக்குச் சுற்று குதிக்கும். அதுதான் அந்தக் கரகரப்பு. வேறு ரப்பர் கடைந்து போட்டார், எண்ணெய் விட்டார், உப்பிப் போயிருந்த கப்பாசிட்டர்களை மாற்றினார்.

ஊசிதான் தலைவலி. இந்தப் பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் சின்னத் துண்டுதான் கார்ட்ரிட்ஜ்). பலவற்றில் ஊசி இரட்டை முனை: ஒரு பக்கம் எல்.பி.க்கு, பட்டையைத் திருப்பினால் 78க்கு. அந்தக் காலத்தில் 78 முனையைத் திருப்ப மறந்து எல்.பி. போட்ட வீடுகள் ஏராளம். உங்கள் எல்.பி.யில் பாட்டு பிசிறடித்தால் அது போன தலைமுறையின் வேலையாகவும் இருக்கலாம். இன்னொன்று, பழைய ஊசிகளில் பல சஃபயர். வைர ஊசி சுமார் 1000 மணி நேரம் தாங்கும். சஃபயர் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது. அதாவது பரணிலிருந்து இறங்கிய ப்ளேயரில் இருக்கும் ஊசி ஏற்கெனவே தேய்ந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். “சும்மா ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்” என்று நல்ல ரெக்கார்டை வைக்கவே கூடாது. சோதனைக்குக் கீறல் விழுந்த ஒன்றை ஒதுக்கிவையுங்கள்.

மறைந்திருக்கும் செலவு: அலைச்சல். எனக்கு நான்கு நடை, நடுவில் ஒரு மாசம் ஊசிக்காகக் காத்திருப்பு. இது தெரிந்தவர்கள் எல்லோருக்கும் வயதாகிவிட்டது என்பது இன்னொன்று. தவிர, செராமிக் கார்ட்ரிட்ஜ் 5 கிராமுக்கு மேல் அழுத்தும். புது வைர ஊசி போட்டாலும் நல்ல ஸ்டீரியோ எல்.பி.யைத் தினமும் இதில் ஓட்ட எனக்கு மனசு வராது.

வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த பழைய ப்ளேயர் என்றால் இன்னொரு சிக்கல். அமெரிக்காவில் மின்சாரம் 60 சைக்கிள், இங்கே 50. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 110 வோல்ட் கொடுத்தாலும், மின்சாரத்தின் சைக்கிளை நம்பி ஓடும் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 33⅓ என்பது 28க்கும் கீழே போய்விடும். பாலமுரளி பாடினால் அழுகிற மாதிரி இருக்கும்.

எப்போது இதுவே சரி? 78கள் நிறைய இருந்தால். மோட்டார் நன்றாக இருந்தால். அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து கேட்டவர் வீட்டில் இன்னும் இருந்தால்.

## சூட்கேஸ் ப்ளேயர்

பார்க்க அழகு. மூடினால் பெட்டி, திறந்தால் ப்ளேயர், ப்ளூடூத்கூட உண்டு. விலை ஐந்தாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள் முடிந்துவிடும். 33, 45, 78 மூன்றும் ஓடும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும்.

உள்ளே இருப்பது அதே பழைய செராமிக் தொழில்நுட்பம், மலிவான பிளாஸ்டிக்கில். பெரும்பாலானவற்றில் ஊசியின் எடையைக் கூட்டக் குறைக்க வழியே இல்லை. ஊசி இருக்கும் அதே பெட்டியில் ஸ்பீக்கர் அதிர்வதால், மிருதங்கம் பலமாக விழுந்தால் ஊசி தாவும். 78 ஓடும் என்பதும் வேகத்துக்கு மட்டும்தான் உண்மை, ஊசி எல்.பி. ஊசியாகத்தான் இருக்கும்.

கல்லூரிக்குப் போகும் பிள்ளை சந்தையில் சொற்ப விலைக்கு வாங்கிய ரெக்கார்டுகளைப் போட்டு ஆசை தீர்த்துக்கொள்ள இது போதும். தாத்தாவின் சேகரிப்பை இதில் போடாதீர்கள். இதில் கேட்டுவிட்டு “ரெக்கார்டு என்றால் இவ்வளவுதானா” என்று மனம்விட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். ஏமாற்றியது ரெக்கார்டு இல்லை.

## ஒழுங்கான புது டர்ன்டேபிள்

பெல்ட்டில் ஓடும் எளிய மாடல்கள் பதினைந்திலிருந்து இருபத்தைந்தாயிரம் வரை வருகின்றன. விலை மாதாமாதம் மாறுவதால் வாங்கும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே வித்தியாசம் கார்ட்ரிட்ஜில். காந்தக் கார்ட்ரிட்ஜ் 2 முதல் 3.5 கிராம் அழுத்தத்தில் வேலை செய்யும். மாற்று ஊசி ஆன்லைனில் கிடைக்கும், வீட்டிலேயே கையால் இழுத்து மாட்டலாம்.

இதில்தான் அந்த ஆச்சரியம் நடக்கும். எச்.எம்.வி. என்ற பெயரில் கிராமஃபோன் கம்பெனி கல்கத்தா டம்டம் ஆலையில் அடித்த சாதாரண மோனோ (ஸ்டீரியோ மாதிரி இரண்டாகப் பிரியாத, ஒரே சேனல்) எல்.பி.கள்தான் மாமாவிடம் அதிகம். அட்டை பூஞ்சை பிடித்து, மேலே பேனாவால் பெயர் எழுதி, பார்த்தால் எடைக்குப் போடத் தோன்றும். கழுவிப் போட்டதும் சிட்டிபாபுவின் வீணையில் தந்தியை மீட்டும் நகமும் அது நின்று அடங்கும் கார்வையும் ஹாலுக்குள் வந்துவிட்டன. அந்தப் பதிவுகள் மோசமானவை இல்லை. நாம் கேட்ட கருவிகள்தான் மோசமாக இருந்தன.

மோனோ ரெக்கார்டு அதிகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு உபாயம். மோனோ பள்ளத்தில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கும். மேலும் கீழும் ஊசி குதிப்பதெல்லாம் தூசியும் கரகரப்பும். ஆம்பில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். இரண்டு சேனலும் கூடும்போது அந்த மேல்-கீழ் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பாதி ரெக்கார்டுகள் திடீரென்று சுத்தமாகிவிட்ட மாதிரி இருக்கும்.

இனி மறைந்திருக்கும் செலவு. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டர்ன்டேபிள் தனியாகப் பாடாது. ரெக்கார்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உச்ச ஒலிகளைக் கூட்டியும் வெட்டுவார்கள். 1950களின் நடுவிலிருந்து இதற்கு ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவு உண்டு. அதைத் திருப்பிச் சரிசெய்து, காந்தக் கார்ட்ரிட்ஜ் தரும் சில மில்லிவோல்ட்டைப் பெரிதாக்கவும் ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். சிலவற்றில் உள்ளேயே இருக்கும், கேட்டு வாங்குங்கள். அப்புறம் பவர் உள்ள ஸ்பீக்கர். ஆக இருபதாயிரம் என்று கிளம்பினால் முப்பத்தைந்தில் வந்து நிற்கும். ஆடாத மேஜை ஒன்றும் வேண்டும். எங்கள் ஹாலில் பேரன் ஓடினால் ஊசி குதித்தது. கடைசியில் சுவரில் கல் பலகை பதித்து அதன்மேல் வைத்தோம்.

ஆரம்ப மாடல்களில் பலவற்றில் 78 கிடையாது. உதாரணமாக ஆடியோ டெக்னிகாவின் ஏ.டி.-எல்.பி.60எக்ஸ் 33, 45 மட்டும். ஆனால் பொத்தானை அழுத்தினால் ஊசியைத் தாங்கும் தண்டு தானே போய் இறங்கும், முடிந்ததும் தானே திரும்பும். உள்ளேயே ப்ரீஆம்பும் உண்டு. பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு இது பெரிய வசதி. அதே கம்பெனியின் எல்.பி.120எக்ஸ் 78ஐயும் சுற்றும். அதில் ஊசியை மட்டும் கழற்றிவிட்டு 78க்கான ஊசியை மாட்டிக்கொள்ளலாம். விலை அதிகம், கையும் நிதானமாக இருக்க வேண்டும்.

வாங்கிய ஊசி ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, எல்.பி.யின் கடைசிப் பாட்டைப் போடுங்கள். வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே பள்ளம் வினாடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது. உள்ளே போகப் போக அது 20 சென்டிமீட்டருக்குக் குறைந்துவிடும். அதே பாட்டைக் குறுகிய இடத்தில் நெருக்கி எழுதியிருப்பார்கள். ஊசி தேய்ந்திருந்தால், கோணம் தப்பியிருந்தால், ‘ச’, ‘ஷ’ வரும் இடங்களில் முதலில் அங்கேதான் பிசிறும்.

## டிஜிட்டலாக மாற்றிக்கொள்வது

கேட்பதற்குச் சுலபமான வழி மாதிரிதான் இருக்கிறது. ஒரு தடவை ஏற்றிவிட்டால் காரில், போனில், அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டில் எல்லாம் கேட்கலாம். இடமும் பிரச்சினை இல்லை. சிடி தரத்தில் நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்.பி.; ஒரு எல்.பி. 400 எம்.பி.; எங்கள் 38 எல்.பி.யும் ஒரு சின்னப் பென்டிரைவில் அடங்கும்.

செலவு நேரத்தில் இருக்கிறது. ரெக்கார்டை வேகமாக ஓட்டிப் பதிய முடியாது. 40 நிமிஷ எல்.பி.க்கு 40 நிமிஷம் உட்கார வேண்டும். கழுவுவது, பாட்டுப் பாட்டாக வெட்டுவது, பெயர் எழுதுவது எல்லாம் சேர்த்து எல்.பி.க்கு இரண்டு மணி நேரம். 38 எல்.பி.க்கு 76 மணி. பதிவதற்கான ஆடாசிட்டி மென்பொருள் இலவசம்தான், உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் இலவசம் இல்லை.

வெளியில் கொடுத்தால்? நான் ஒருமுறை சோதனைக்கு ஒரு எல்.பி.யைக் கொடுத்தேன். கரகரப்பை எடுக்கிறேன் என்று தம்புராவையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். பாடகர் தண்ணீருக்கு அடியிலிருந்து பாடுகிற மாதிரி வந்தது. கொடுப்பதானால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த ஊசியில் ஓட்டுகிறீர்கள், சத்தம் நீக்காத மூலப் பதிவையும் தருவீர்களா? தடுமாறினால் ரெக்கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஏற்றத் தேவையில்லை என்பது என் கட்சி. எம்.எஸ்.ஸின் சுப்ரபாதம் எங்கும் கிடைக்கிறது. எங்கும் கிடைக்காத ஊர்க் கோயில் பக்திப் பாட்டு ஈ.பி., நாடகக் காலத்து 78, இப்படிப்பட்டவற்றை மட்டும் ஏற்றுங்கள். பத்துப் பன்னிரண்டு தேறினால் அதிகம்.

## விற்றுவிடுவது

சிக்பேட்டை ஞாயிற்றுக்கிழமைச் சந்தைப் பக்கம் மொத்தமாக எடுத்துக்கொண்டு போனால், வியாபாரி மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை புரட்டுவார். முகத்தில் ஒன்றும் தெரியாது. அதிலிருக்கும் மூன்று நல்ல ரெக்கார்டுக்காக அறுபதையும் எடைக்கு எடுத்துக்கொள்வார். விற்பதானால் பட்டியல் போட்டு, லேபிள் எண்ணோடு படம் எடுத்து, தனித்தனியாக விற்க வேண்டும். கேட்க ஆளே இல்லாத வீடு என்றால் அதுவும் தப்பில்லை.

## ஒரே பார்வையில்

| | பழைய ப்ளேயர் | சூட்கேஸ் | புது டர்ன்டேபிள் | டிஜிட்டல் |
|---|---|---|---|---|
| ஊசி அழுத்தம் | அதிகம் | அதிகம், மாற்ற முடியாது | குறைவு | ஓட்டும் கருவியைப் பொறுத்தது |
| 78 | நன்றாக ஓடும் | பெயருக்கு ஓடும் | சில மாடல்களில் மட்டும் | 78 ஊசி உள்ளவரிடம் |
| சுருதி | ரப்பரைப் பொறுத்தது | தள்ளாடும் | நிலையானது | பதியும்போது எப்படியோ அப்படி |
| மறைந்த செலவு | அலைச்சல், ஊசி | ரெக்கார்டின் ஆயுள் | ப்ரீஆம்ப், ஸ்பீக்கர் | உங்கள் நேரம் |
| யாருக்கு | 78 நிறைய உள்ளவர் | பொழுதுபோக்குக்கு | எல்.பி. நிறைய உள்ளவர் | அரிய சிலவற்றுக்கு |

எல்.பி. இருபதுக்கு மேல் இருந்து, வாரத்தில் ஒருநாளாவது கேட்பீர்கள் என்றால் புது டர்ன்டேபிள், யோசிக்கவே வேண்டாம். பத்துக்குள்தான் இருக்கிறது என்றால் எதுவும் வாங்காதீர்கள். டர்ன்டேபிள் வைத்திருக்கும் தெரிந்தவர் வீட்டில் ஒரு சாயங்காலம் கேட்டுவிட்டு, பிடித்ததை மட்டும் பதிந்துகொண்டு வாருங்கள். பட்ஜெட் இடித்தால், விலை குறைந்த டர்ன்டேபிளாக இருந்தாலும் பரவாயில்லை, ஊசி புதிதாக இருக்கட்டும். எந்த வழியில் போனாலும் ரெக்கார்டுகளைப் புத்தகம் மாதிரி நிற்கவைத்து அடுக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தாலும் வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தாலும் அப்பளம் மாதிரி நெளியும்.

நாங்கள் கடைசியில் இரண்டு வழியும் போனோம். ஹாலில் தானே ஓடும் புது டர்ன்டேபிள், எல்.பி., ஈ.பி. எல்லாம் அதில். சரிசெய்த எச்.எம்.வி. பெட்டி மாமாவின் அறையில், ஊசியை 78 பக்கம் திருப்பி, திருப்பும் பட்டையின்மேல் டேப் ஒட்டி. ஒன்பது 78இல் ஒன்று விரிசல். சுற்றுக்கு ஒரு ‘டொக்’. அதை ஓட்டினால் ஊசி முனை போய்விடும், வேண்டாம் என்று சொல்லித் தனியாக எடுத்துவைத்திருந்தேன். போன வாரம் மத்தியானம் அவர் அறையிலிருந்து கே.பி.எஸ். பாடிக்கொண்டிருந்தார். கூடவே டொக், டொக். நான் எழுந்திருக்கப் போனேன். அத்தை கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டார்.